தூரத்துப் பள்ளிக்கூடம்: அனுப்பலாமா, வேண்டாமா?

காலை மணி 5¾. வெளியே கும்மிருட்டு. பனி கொட்டுகிறது.

"எழுந்திருடா, கண்ணு! படகு போய்விடும்!" என்று தாய் தட்டி எழுப்புகிறாள்.

14 வயதுப் பையன் புரண்டு படுக்கிறான். கண் திறக்க மறுக்கிறது. தாய் போர்வையை இழுக்கிறாள். பையன் தட்டுத் தடுமாறி எழுந்து முகம் கழுவப் போகிறான்.

இது மீன் பிடிக்கப் போகும் பையனின் கதை அல்ல. பள்ளிக்கூடம் போகும் பையனின் கதை!

இடம், அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம். அந்த நகரம் ஐந்து பெரும் பகுதிகளைக் கொண்டது. அதில் ஒன்று ஸ்டேட்டன் தீவு. பையனின் வீடு அங்கே இருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம். பள்ளிக்கூடம் இருப்பதோ மன்ஹாட்டன் என்ற இன்னொரு பகுதியில். நடுவே கடல்!

காலை 6-35க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ரெயில் நிலையத்துக்கு நடை. அங்கிருந்து ரெயிலில் படகுத் துறை. பிறகு 25 நிமிடம் படகுப் பயணம். இறங்கியதும் சுரங்க ரெயிலுக்கு ஓட்டம். அதில் ஏறக்குறைய 25 நிமிடம். அப்புறம் மறுபடியும் நடை. பள்ளிக்கூட வாசலை மிதிக்கும்போது மணி 8-20.

போக 1¾ மணி நேரம். வர 1¾ மணி நேரம். இதுபோல நெடுந்தூரம் போய் வரும் பிள்ளைகள் அந்த நகரில் உண்டு.

இப்படி அனுப்புவது சரியா? படிப்புக்காக எவ்வளவு தூரம் போகலாம்?

பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று

பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஸ்டேட்டன் தீவிலேயே கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கூடங்கள் உண்டு. அரசாங்கப் பள்ளிக்கூடமும் உண்டு. அதில் சம்பளமே கிடையாது.

ஆனால் பல கத்தோலிக்கக் குடும்பங்கள், பிள்ளை தங்கள் மதப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று நினைக்கின்றன. படிப்போடு பக்தியும் ஒழுக்கமும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதில்தான் பணம் குறுக்கே வருகிறது. நியூயார்க்கில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் சம்பளம் ஆண்டுக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல். உயர்நிலைப் படிப்பு 4 ஆண்டு. ஆக 40 ஆயிரம் டாலருக்குக் குறையாது!

மன்ஹாட்டனில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் ரீஜிஸ். 1914-ம் ஆண்டில் தொடங்கியது. நடத்துகிறவர்கள் ஏசு சபைப் பாதிரியார்கள். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியை நடத்துகிற அதே சபைதான். நியூயார்க் நகர மேயராக இருந்த ஹியூ கிரான்ட் என்பவரின் மனைவி ஜூலியா, கணவர் இறந்த பிறகு அள்ளிக் கொடுத்த பணத்தில் எழுந்தது அந்தப் பள்ளிக்கூடம்.

அங்கே சம்பளம் ஒரு காசு கூட இல்லை. ஆனால் பரீட்சை வைத்துத்தான் பையன்களைப் பொறுக்கி எடுப்பார்கள். கெட்டிக்காரப் பையன்கள் நாலா திசையிலிருந்தும் வருகிறார்கள். பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இருந்துகூட வருகிறார்கள்.

இப்போது தாய் தகப்பனின் தவிப்பு புரியும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தூரத்துப் பள்ளிக்கூடம் இலவசம். அதோடு பெரிய பெயர்!

"இடம் கிடைத்திருக்கிறது. இதை விடுவதா?" என்கிறார் தகப்பனார்.

"இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளைக்குத் தூக்கம் கிடைக்குமா?" என்கிறாள் தாய்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

105 நாள்!

இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தம் அல்ல. பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைக் கொடுப்பவர் தகப்பனார் அல்ல. பையன்!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போக வர ஒரு நாளைக்கு 3½ மணி நேரம். பள்ளிக்கூடம் நடப்பது ஆண்டுக்குச் சுமார் 180 நாள். ஆக ஆண்டுக்கு 630 மணி நேரம். 4 ஆண்டில் 2,520 மணி நேரம்.

அதாவது, இரவு பகலாக 105 நாள்! மூன்றரை மாதம் ரெயிலிலும் படகிலும் தெருவிலும் போய்விடுகிறது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக 25 நிமிடம், வர 25 நிமிடம் என்றால் 4 ஆண்டுக்கு ஆவது 600 மணி நேரம். அதாவது 25 நாள். வித்தியாசம் 80 நாள்.

அந்த 80 நாளுக்கு ஈடாகப் பையனுக்கு என்ன கிடைக்கிறது? இதுதான் கேள்வி. சம்பளச் சீட்டைப் பார்க்கும் பெற்றோர், இந்தச் சீட்டையும் பார்க்க வேண்டும்.

டாக்டரும் நீதிபதியும்

"அந்தக் காலத்தில் போகவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. போனார்கள். போய்ப் பெரிய ஆள் ஆனவர்களும் இருக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் அடிபட்ட பெயர், டாக்டர் அந்தோணி பவுச்சி. அமெரிக்க அரசாங்கத்தின் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1984 முதல் 2022 வரை தலைவராக இருந்தவர்.

அவர் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர். தகப்பனார் மருந்துக் கடைக்காரர். சிறுவன் பவுச்சி, சைக்கிளில் போய் வீடு வீடாக மருந்து கொடுத்து வருவார். படித்தது ரீஜிஸ் பள்ளிக்கூடத்தில். புரூக்ளினில் இருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படியும் கூடைப்பந்து அணிக்குத் தலைவராக இருந்தார். 1958-ம் ஆண்டில் படிப்பை முடித்தார்.

இன்னொருவர், அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக 1986 முதல் 2016-ல் இறக்கும் வரை இருந்த ஆன்டனின் ஸ்காலியா. இவர் வீடு குவீன்ஸ் பகுதியில். படித்தது மன்ஹாட்டனில் உள்ள சேவியர் பள்ளிக்கூடத்தில். அதுவும் ஏசு சபைப் பள்ளிக்கூடம். அங்கே படிப்போடு ராணுவப் பயிற்சியும் உண்டு. துப்பாக்கி சுடும் அணியில் இருந்த ஸ்காலியா, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரெயிலில் போய் வந்ததைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்! 1953-ல் பள்ளிக்கூடத்தின் முதல் மாணவராகத் தேறினார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது.

ஜெயித்தவர்களின் கதைதான் வெளியே வருகிறது. ரெயிலில் தூங்கி விழுந்து, வகுப்பிலும் தூங்கி விழுந்து, பாதியில் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிய பையனின் கதையை யாரும் எழுதுவது இல்லை. பவுச்சி பெரிய டாக்டர் ஆனது நெடும் பயணத்தாலா? இல்லை. பயணத்தைத் தாங்கும் தெம்பு அவருக்கு இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

தூக்கத்தில் கை வைக்கலாமா?

13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள், நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். இது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் சொன்ன அளவு. உயர்நிலைப் பள்ளிக்கூடங்களைக் காலை 8½ மணிக்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-லேயே சொல்லிவிட்டது.

நமது படகுப் பையனுக்கு எவ்வளவு கிடைக்கும்?

கூடைப்பந்துப் பயிற்சி உள்ள நாளில் அவன் 5½ மணிக்குப் பள்ளிக்கூடத்தை விட்டுப் புறப்படுகிறான். வீடு சேர 7¼. சாப்பிட்டு எழ 8. வீட்டுப் பாடம் 3 மணி நேரம். படுக்கும்போது மணி 11¼. மறுநாள் காலை 5¾க்கு மறுபடியும் "படகு போய்விடும்!"

தூங்கியது 6½ மணி நேரம். குறைந்த அளவைவிட 1½ மணி நேரம் குறைவு. ஒரு நாள் என்றால் போகட்டும். நாலு ஆண்டு என்றால்?

தூங்காத பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்காது. சிடுசிடுப்பு வரும். அடிக்கடி சளி, காய்ச்சல் வரும். எந்தப் படிப்புக்காக இவ்வளவு தூரம் போனானோ, அந்தப் படிப்பே கெட்டுப் போகும். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான்!

பயணத்தில் நன்மையே இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

ரெயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கலாம். ஒரே வழியில் வரும் பையன்கள் உயிர்த் தோழர்கள் ஆகிவிடுவார்கள். வழி தவறினால் கேட்டுத் தெரிந்து கொள்வது, ரெயில் நின்று போனால் வேறு வழி பார்ப்பது, காசைப் பத்திரமாக வைத்துக் கொள்வது இவை எல்லாம் தானாக வரும். தன் தெருவை மட்டும் தெரிந்த பையன், ஊர் முழுவதையும் தெரிந்து கொள்கிறான்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது இன்னும் பெரிய விஷயம். அவன் தெருவில் இல்லாத நூல் நிலையம் அங்கே இருக்கும். அவன் கேள்விப்படாத கல்லூரிகளின் வாசல் அங்கிருந்து தெரியும். அந்தப் பிள்ளைக்கு ரெயில் வெறும் ரெயில் அல்ல, ஏணி!

ஆகவே தூரம் என்றதும் வேண்டாம் என்று சொல்வது தவறு. பெயர் பெற்ற இடம் என்றதும் சரி என்று சொல்வதும் தவறு.

மைல் அல்ல, மாற்றம்!

தூரத்தை மைல் கணக்கில் பார்த்துப் பயன் இல்லை. எத்தனை முறை மாறி ஏற வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

ஒரே ரெயிலில் 50 நிமிடம் போகும் பையன் உட்கார்ந்து படிக்கலாம். தூங்கவும் தூங்கலாம். மூன்று வண்டி மாறி 50 நிமிடம் போகும் பையன், முழு நேரமும் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே நிற்க வேண்டும். ஒரு வண்டி தவறினால் எல்லாம் தவறும்.

குவீன்ஸ் பகுதியில் ஆர்ச்பிஷப் மாலாய் என்ற கத்தோலிக்கப் பள்ளிக்கூடம், சுரங்க ரெயில் நிலையத்தின் அருகிலேயே இருக்கிறது. பிராங்க்ஸ் பகுதியில் உள்ள போர்டாம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், புறநகர் ரெயில் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களுக்குத் தூரத்தில் இருந்து வருவதுகூட எளிது. அதே குவீன்சில் செயிண்ட் பிரான்சிஸ் என்ற பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் சுரங்க ரெயில் கிடையாது. ரெயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏற வேண்டும். குறைந்த தூரத்தில் வீடு இருந்தும் அதிக நேரம் ஆகிறவர்கள் உண்டு.

கட்டணத்தையும் விசாரிக்க வேண்டும். நியூயார்க் நகரில் மாணவர் பயண அட்டை இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. 2024 முதல் நாளொன்றுக்கு 4 முறை, நகரப் பஸ்சிலும் சுரங்க ரெயிலிலும் அதைக் காட்டி இலவசமாகப் போகலாம். ஸ்டேட்டன் தீவுப் படகில் 1997 முதல் யாருக்குமே கட்டணம் இல்லை. ஆனால் புறநகர் ரெயிலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

நகருக்கு வெளியே புறநகர்ப் பகுதிகளில் இன்னொரு வசதி இருக்கிறது. வீட்டில் இருந்து 15 மைலுக்குள் உள்ள தனியார் பள்ளிக்கூடத்துக்கு, அந்த ஊர் அரசாங்கப் பள்ளி நிர்வாகமே பஸ் விட வேண்டும் என்பது நியூயார்க் மாநிலச் சட்டம். அதற்கு ஏப்ரல் 1-ந் தேதிக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும். மறந்தால் சிக்கல்தான்!

தூரம் எப்படி வந்தது?

முன்பு இவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இல்லை. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் சுமார் 13 ஆயிரம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது பள்ளிக்கூடங்கள் 6 ஆயிரத்துக்கும் குறைவு. பிள்ளைகள் 17 லட்சம் பேர்தான்.

அன்று கன்னிகாஸ்திரிகளும் பாதிரியார்களும் சொற்பப் பணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் தொகை குறைந்துவிட்டது. சம்பளத்துக்கு ஆசிரியர் வைக்க வேண்டி வந்தது. பிள்ளைகளிடம் வாங்கும் பணம் கூடியது. பிள்ளைகள் குறைந்தார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. புரூக்ளினில் மட்டும் பிஷப் போர்டு பள்ளிக்கூடம் 2014-லும், பிஷப் கியர்னி பெண்கள் பள்ளிக்கூடம் 2019-லும் மூடப்பட்டன.

பக்கத்துப் பள்ளிக்கூடம் மூடிவிட்டால் தூரம் போவது விருப்பம் அல்ல, கட்டாயம். அந்தப் பெற்றோரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் அவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

ஒரு நாள் போய்ப் பாருங்கள்!

பெற்றோர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் ஏறிப் போய்ப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்பார்கள். "முக்கால் மணி நேரம்தானே!" என்பார்கள்.

பையன் போகப் போவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அல்ல. திங்கட்கிழமை காலை! கூட்டத்தில்! குளிரில்! நியூயார்க்கில் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்கக் காலை 7¼ மணிக்கு மேல் ஆகும். மாலை 4½ மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். இருட்டில் கிளம்பும் பிள்ளை, இருட்டில்தான் வீடு திரும்பும். வீட்டுக்கும் ரெயில் நிலையத்துக்கும் நடுவே உள்ள தெரு எப்படி? பெண் பிள்ளை தனியாக நடந்து வரலாமா? இதையும் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்கான பொது நுழைவுப் பரீட்சை, 8-ம் வகுப்பில் நவம்பர் மாதம் நடக்கிறது. அதற்கு முன்பே, ஒரு வேலை நாளில், பள்ளிக்கூடம் போகும் நேரத்தில், பையனோடு கூடவே போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஆயிரம் பேரைக் கேட்பதைவிட இந்த ஒரு நாள் பயணம் அதிகம் சொல்லும்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் திடீரென்று காய்ச்சல் வந்தால் யார் போய் அழைத்து வருவது? அதற்கும் முன்கூட்டியே பதில் வேண்டும்.

முடிவு என்ன?

மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

முதலாவது, பிள்ளைக்கு 8 மணி நேரத் தூக்கம் மிஞ்சுமா?

இரண்டாவது, வாரத்தில் பாதி நாளாவது குடும்பத்தோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட முடியுமா?

மூன்றாவது, இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க ஆசைப்படுவது யார்? பிள்ளையா? பெற்றோரா?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக அனுப்பலாம். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. தூக்கம் மிஞ்சாது என்று தெரிந்தால், எவ்வளவு பெரிய பள்ளிக்கூடமானாலும் வேண்டாம். பக்கத்தில் உள்ள நல்ல பள்ளிக்கூடமே போதும். தூங்கி எழுந்து தெளிவான கண்ணோடு வரும் பிள்ளை, நடுத்தரப் பள்ளிக்கூடத்திலும் முன்னுக்கு வந்துவிடும்.

பண நெருக்கடியால் தூரத்து இலவசப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால், வேறு எதையாவது குறைக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சி ஒரு பருவத்துக்கு மட்டும் போதும் என்று வைக்கலாம். வீட்டுப் பாடத்தில் ஒரு பகுதியைப் படகிலேயே முடிக்கச் சொல்லலாம். சனிக்கிழமை பிள்ளைக்கு வீட்டு வேலை எதுவும் வைக்காமல் இருக்கலாம். தூக்கத்தை மட்டும் குறைக்கக் கூடாது.

இன்னொன்று. முடிவு எடுத்துவிட்டோமே என்று 4 ஆண்டும் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியது இல்லை. முதல் ஆண்டு முடிந்ததும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். மார்க்கை மட்டும் அல்ல, முகத்தை! கன்னம் ஒட்டி, சிரிப்பு மறைந்திருந்தால் பள்ளிக்கூடத்தை மாற்றிவிட வேண்டும். அதில் வெட்கம் இல்லை.

அந்தத் தாயும் தகப்பனாரும் இரவெல்லாம் பேசினார்கள் என்று வைத்துக் கொள்ளலாம். பணத்தைப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தின் பெருமையைப் பேசினார்கள். ரெயிலையும் படகையும் பேசினார்கள். பக்கத்து அறையில் படுத்திருந்த பையனை மட்டும் கேட்கவில்லை.

காலை 5¾ மணிக்கு எழுந்திருக்கப் போவது அவன்தான். முதலில் அவனைக் கேளுங்கள்!